கொழும்பில் விலைபேசப்படும் கால் ஏக்கர் மேய்ச்சல் காணி: வாங்கத் தகுமா?

"மாடு, ஆடு வளர்க்க உகந்த காணி. 40 பேர்ச். சின்னக்கர உறுதி. பேர்ச் 30,000 மட்டும்." ஞாயிறு வீரகேசரியின் வரி விளம்பரங்களிலும் இக்மன் தளத்திலும் இந்த மாதிரி அறிவித்தல்களுக்குக் குறைவில்லை. சின்னக்கர உறுதி என்றால் முழுத் தனியார் உரிமையுள்ள காணியின் உறுதி. காணி கிடப்பது சிலாபத்தில், குளியாப்பிட்டியில், பாதுக்கையில் அல்லது வவுனியாவில். விலை பேசுவது வெள்ளவத்தையில் அல்லது கொட்டாஞ்சேனையில். உறுதி எழுதுவது பெரும்பாலும் புதுக்கடையில். கொழும்பில் இருந்தபடி ஆட்கள் வாங்கும் இந்தச் சின்னத் துண்டுக் காணி கேட்கிற விலைக்குத் தகுமா என்பதுதான் இங்கே கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லலாம். கால் ஏக்கரில் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்ப்பது நடவாத காரியம். புல் நட்டு, வெட்டிப் போட்டால் ஒரு மாட்டுக்குப் போதும். அதுவும் தண்ணீர் இருந்தால். முழு ஏக்கருக்குக் கீழே வாங்குகிறவர் புல்லுக்குக் கொடுக்கும் காசைவிட வேலிக்கும் கிணற்றுக்கும் வீதிக்கும் கொடுக்கும் காசே பெரிதாகப் போய்விடும்.

முதல் பொறி அளவில் இருக்கிறது. ஓர் ஏக்கர் 4 ரூட், 160 பேர்ச். வெளிமாவட்டத்தில் விவசாயி விவசாயிக்கு விற்கும்போது விலை ஏக்கரில் பேசப்படும். கொழும்பு ஆளுக்கு விற்கும்போது அதே காணி பேர்ச் கணக்குக்கு மாறிவிடும். பேர்ச் இத்தனை இலட்சம் என்று கேட்டே பழகிய காதுக்கு 30,000 என்பது சும்மா தருவதுபோலக் கேட்கும். பெருக்கிப் பார்த்தால் ஏக்கர் 48 இலட்சம். பக்கத்துக் காணிக்காரர் தன் ஏக்கரை 24 இலட்சத்துக்குக் கொடுக்கத் தயார் என்றால் அங்கே பேர்ச் 15,000தான். ஆகவே எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் 160ஆல் பெருக்கி, அந்த ஊரில் முழு ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது என்று கிராம உத்தியோகத்தரிடமோ உள்ளூர்த் தேங்காய் வியாபாரியிடமோ விசாரியுங்கள். கொழும்பு உச்சரிப்போடு நீங்கள் நேரே கேட்டால் வேறு விலைதான் வரும். ஊர் ஆள் ஒருவரைக் கொண்டு கேட்பது நல்லது.

காணிக் கம்பனிகள் பெரிய தோட்டத்தைத் துண்டாக்கும்போது வீதிக்கும் இடம் விடவேண்டும். 6 மீற்றர் அகலத்தில் 200 மீற்றர் நீள வீதி போட்டால் ஏறத்தாழ 47 பேர்ச் போய்விடும். அதன் விலையும் மிஞ்சிய துண்டுகளின் தலையில்தான் ஏறும். வீடு கட்டுகிறவருக்கு அந்த வீதி தேவை. புல் நடுகிறவருக்கு ஒரு லான்ட் மாஸ்டர் போய்வர 10 அடி போதும். தேவையில்லாத வீதிக்கும் மின்கம்பத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் மாட்டுக்காரர் பணம் கொடுப்பது இந்தச் சரக்கின் பெரிய குறை.

அடுத்தது வேலி. வாங்குகிறவர்கள் கணக்கில் எடுக்காத செலவு இதுதான். 40 பேர்ச் சதுரமாக இருந்தால் சுற்றளவு 127 மீற்றர். ஓர் ஏக்கர் சதுரத்துக்கு 254 மீற்றர். நிலம் நான்கு மடங்கு கூடும்போது வேலி இரண்டு மடங்குதான் கூடுகிறது. பேர்ச்சுக்குக் கணக்குப் பார்த்தால் கால் ஏக்கரில் 3.2 மீற்றர், ஓர் ஏக்கரில் 1.6, ஐந்து ஏக்கரில் 0.7. துண்டு ஒடுங்கலாக இருந்தால் இன்னும் மோசம்: 15 மீற்றர் முகப்பும் 67.5 மீற்றர் ஆழமும் உள்ள 40 பேர்ச்சுக்குச் சுற்றளவு 165 மீற்றர் வந்துவிடும்.

தூணுக்குத் தூண் இரண்டரை மீற்றர் விட்டால் சதுரக் கால் ஏக்கருக்கு 51 தூண் வேண்டும். மாட்டுக்கு ஐந்து வரி முட்கம்பி இழுத்தால் 635 மீற்றர் கம்பி. ஆட்டுக்கு ஐந்து வரி போதாது. கீழ்ப்பகுதியில் வரிகளை நெருக்கவேண்டும் அல்லது வலைக்கம்பி அடிக்கவேண்டும். கம்பியைப் பழைய சோனகத் தெருவில் விலை கேட்கும்போது சுருளின் எடையோடு நிற்காமல் அதில் எத்தனை மீற்றர் என்றும் கேளுங்கள். கம்பி தடிப்பாக இருந்தால் அதே எடையில் நீளம் குறையும். மெல்லியது நீளம் கூடும், கடற்காற்றுப் பக்கம் என்றால் சீக்கிரம் துருப்பிடித்து அறும். 7 அடி கொங்கிரீட் தூணில் 2 அடி மண்ணுக்குள் போகவேண்டும். மூலைத் தூண்களுக்கு முட்டு வைக்காமல் கம்பியை இறுக்கினால் முதல் மழையோடு தூண் உள்ளே சரியும், ஐந்து வரியும் தொய்யும். தூண் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு: மூலைக்கும் இடையிடையேயும் மட்டும் கொங்கிரீட் வைத்து, மற்ற இடங்களில் கைத்தடிப்பில் ஆறடிக் கிளிசரியாத் தடிகளை ஒக்டோபர் மழையோடு நடுங்கள். வேலியும் ஆகும், இலை தீவனமும் ஆகும். மாட்டுக்கு அந்த இலையை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிட வேண்டாம். முதலில் மாடு முகர்ந்துவிட்டு விலகும்; வெட்டி ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் தின்னும்.

இனிப் புல். 400 கிலோ எடையுள்ள கறவை மாடு நாளுக்கு ஏறக்குறைய 40 கிலோ பச்சைப் புல் தின்னும். ஆண்டுக்கு 15 தொன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாரும் நடுவது கோ-3 என்ற கலப்பு நேப்பியர்ப் புல்; சில இடங்களில் பாக்சொங், சிவப்பு நேப்பியர். கையேடுகள் ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 300 தொன்னுக்கு மேல் சொல்லும். அது பாசனமும் உரமும் ஆளும் குறையாத பண்ணைக் கணக்கு. அதில் பாதியை வைத்துத் திட்டமிடுவதே புத்தி: ஏக்கருக்கு 60 தொன், அதாவது நான்கு மாடு. 40 பேர்ச்சுக்கு ஒரே ஒரு மாடு. அதிலும் கொட்டகை, கிணறு, நடைபாதை, எருக்குழி என்று ஐந்தாறு பேர்ச் கழிந்துவிடும். அந்த இடைவெளியை வைக்கோலாலோ வயல் வரம்புப் புல்லாலோ நிரப்ப வேண்டிவரும்.

நடுகை சிரமமில்லை. இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 50 சென்ரிமீற்றர் விட்டு நட்டால் கால் ஏக்கருக்கு 3,300 துண்டுகள் பிடிக்கும். முதல் வெட்டு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நிலத்தை நாளுக்கொரு பாத்தியாக 45 பாத்தி பிரித்தால் ஒரு சுற்று முடிய முதல் பாத்தி தயாராக இருக்கும். பிழை நேரும் இடம் இரண்டு. வெட்டைத் தள்ளிப்போட்டால் தண்டு முற்றும், மாடு இலையைக் கடித்துவிட்டுத் தண்டை மிதிக்கும். வெட்டியதும் எரு போடாவிட்டால் நான்காவது ஐந்தாவது வெட்டிலேயே தூர் மெலிந்துவிடும்.

வரண்ட வலயத்துக் காணியை விற்பவர் சொல்லாமல் விடுவது தண்ணீர்க் கணக்கு. ஜூன் முதல் செப்ரெம்பர் வரை புல் பச்சையாக நிற்க நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் தேவை என்று வைத்தால் 1,000 சதுர மீற்றருக்கு 5,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கி ஐந்தைத் தினமும் நிரப்பி ஊற்றவேண்டும். "கிணறு இருக்கிறது" என்ற சொல்லை நம்பாமல் ஓகஸ்டில் போய்ப் பாருங்கள். பெப்ரவரியில் பார்த்தால் வன்னியில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் தெரியும். கிணறு இல்லையென்றால் அதன் செலவை பேர்ச்சுக்குப் பிரியுங்கள்: 4 இலட்சம் முடிந்தால் 40 பேர்ச்சில் பேர்ச்சுக்கு 10,000 ஏறும், ஓர் ஏக்கரில் 2,500தான். யானை நடமாடும் பகுதியா என்பதையும் விசாரியுங்கள். பச்சையாக வளர்ந்த நேப்பியர் புல் யானைக்கும் பிடிக்கும். முட்கம்பி அதற்கு வேலியே இல்லை.

பாதுக்கை, ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் மழை போதும், கிணற்றுக் கவலை பெரிதாக இல்லை. ஆனால் அங்கே வீட்டுக்காணி விலைதான் ஆளும். புல்லுக்காக அந்த விலை கொடுப்பது வீண். மலிவாகக் கிடைப்பது கைவிடப்பட்ட வயல். தண்ணீர்ப்புல் தானாகவே வளரும், எருமைக்கு நல்லது. வாங்கலாம், ஆனால் நிரப்பலாம் என்ற எண்ணத்தோடு வாங்கக்கூடாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் வயலை நிரப்பவோ வேறு வேலைக்குப் பயன்படுத்தவோ முடியாது. கொட்டகை கட்ட மேட்டுத் துண்டு ஒன்று கூடவே இல்லாவிட்டால் அந்த வயல் பயன்படாது.

சிலாபம், குருநாகல் பக்கத்துத் தென்னங்காணி இந்தச் சந்தையில் கிடைப்பவற்றுள் ஓரளவு நேர்மையான சரக்கு. 26 அடிக்கு 26 அடி நடுகையில் ஏக்கருக்கு 64 மரம், கால் ஏக்கருக்கு 16. தேங்காய் கொஞ்சம் காசு தரும், இடையில் புல்லும் வளரும். நெருக்கமாக நட்ட இளந்தோட்டத்தில் வெளிச்சம் போதாது, கோ-3 சோம்பும். கினிப்புல்லும் பிரக்கியாரியாவும் நிழலைத் தாங்கும். மரத்தடியில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் வட்டத்தைப் புல் இல்லாமல் விடுங்கள், அது தென்னையின் உணவு மண்டலம். கன்றுத் தென்னை உள்ள காணியில் மாட்டைக் கட்டி மேய்த்தாலும் குருத்துப் போய்விடும்.

இனி உறுதி. பணம் உண்மையில் தொலைவது இந்த இடத்தில்தான்.

"உறுதி இருக்கிறது" என்றால் என்ன உறுதி என்று கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிட் காணி விற்பனைச் சரக்கே அல்ல. அதே சட்டத்தின் கீழான அளிப்புகள், ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் வந்தவை, பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற முடியாது; விதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே துண்டாக்கவும் முடியாது. சட்டத்தை மீறி எழுதிய உறுதி செல்லுபடியாகாது. கடதாசித் தாளில் "விற்றுவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்து அரை விலைக்குத் தருவதெல்லாம் இந்த வகைதான். மாதவணை, மயிலத்தமடு போன்ற பெரிய மேய்ச்சற்றரைகள் அரச காணிகள். அங்கே துண்டு வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சின்னக்கர உறுதியாக இருந்தாலும் பிரிபடாத பங்கா என்று பாருங்கள். எட்டில் ஒரு பங்குக்கு உரிமையுள்ளவர் தனக்குப் பிடித்த மூலையைக் காட்டி "இதுதான் என் பங்கு" என்பார். பங்காளிகள் எல்லாரும் கையொப்பமிட்ட பிரிப்பு உறுதியோ நீதிமன்றப் பிரிப்புத் தீர்ப்போ இல்லாமல் அந்த மூலை அவருடையதல்ல. காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவுப் பக்கமான ஃபோலியோவில் பிரிவினை வழக்குப் பதிவு இருந்தால் வழக்கு முடியும்வரை தொடவே வேண்டாம்.

பதிவுத் தேடலைக் காணி இருக்கும் பகுதிக்குரிய பதிவகத்தில் செய்யவேண்டும். கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே கொழும்பு, தெல்கந்த, ஹோமாகம, அவிசாவளை என்று பிரிந்திருக்கிறது. சிலாபத்துக் காணிக்குச் சிலாபத்தில் தேடவேண்டும். புதுக்கடை நொத்தாரிசுகள் பலர் விற்பவர் கொண்டுவந்த ஃபோலியோப் பிரதியைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். 30 ஆண்டுப் பின்தேடலைப் புதிதாகச் செய்து, எழுத்தில் அபிப்பிராயம் தரச்சொல்லிக் கேளுங்கள். அந்தக் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். ஃபோலியோவில் ஈடு பதிந்திருந்தால் அதை நீக்கிய உறுதியும் பதிந்திருக்க வேண்டும்; வங்கிக் கடிதம் மட்டும் போதாது.

உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லையைத் திரும்ப அளப்பியுங்கள். பிளானில் ஏ.0 ரூ.1 பே.0 என்று இருந்தால் அது 40 பேர்ச்; புதிய பிளானில் 0.1012 ஹெக்டேயர் என்று இருக்கும். பழைய பிளானை நிலத்தின்மேல் பொருத்திப் பார்க்கும்போதுதான் பக்கத்து வேலி உள்ளே வந்திருப்பது தெரியும். உறுதியின் அட்டவணையில் வழியுரிமை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். "எல்லாரும் இந்த வழியாகத்தான் போறவை" என்பது வழியுரிமை அல்ல. அடுத்த சொந்தக்காரர் கடப்பைப் பூட்டினால் புல் தலைச்சுமையாகத்தான் வெளியே வரும்.

அட்வான்ஸ் விடயத்திலும் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்கும் உடன்பாடு நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு காணியைக் கேட்டு வழக்காட முடியாது. கொடுத்த காசைத்தான் கேட்கலாம். வட்டியில்லாத் தவணை என்று கம்பனிகள் விற்கும்போது கடைசித் தவணைவரை உறுதி அவர்கள் பெயரில்தான் கிடக்கும். விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு மூலம் எழுதி அதையும் பதியவேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடலாம்.

உறுதி எழுதிய அன்றே பதிவகத்தில் கொடுத்து நாட்பதிவு இலக்கத்தை வாங்குங்கள். அதே விற்பவர் இன்னொருவருக்கும் எழுதிக்கொடுத்து அவர் முந்திப் பதிந்தால், பொதுவாக முந்திய பதிவுக்கே முன்னுரிமை.

முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குப் போகிறது: முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 12 இலட்ச ரூபா காணிக்கு 3,000உம் 44,000உம் சேர்ந்து 47,000 ரூபா. விலையைக் குறைத்து எழுதினால் மாகாண இறைவரித் திணைக்களம் தன் மதிப்பீட்டில் மேலதிகத் தீர்வை கேட்டுக் கடிதம் அனுப்பும். வழக்கு வந்தால் உறுதியில் எழுதிய தொகைதான் நிற்கும். நொத்தாரிசுக் கட்டணம் பேசித் தீர்ப்பது, பெரும்பாலும் விலையில் ஒன்றிரண்டு வீதம். புரோக்கர் கொமிஷன் விற்பவர் தலையில் என்பது வழமை. ஆனால் சின்னத் துண்டில் வருமானம் சிறிது என்பதால் இரண்டு பக்கமும் கேட்பார்கள். தொடக்கத்திலேயே பேசி வைக்காவிட்டால் உறுதி நாளன்று மேசையில் வந்து நிற்பார்.

வெள்ளவத்தையில் விலைபேசப்படும் வன்னி, யாழ்ப்பாணக் காணிக்கு வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையையும் பார்க்கவேண்டும். அங்கே அளவு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். பங்காளிகளுக்கும் முதுசக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் பிறகு அதே விலைக்குக் கேட்டு வழக்குப் போடலாம். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதானால் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் கனடாவில் இருந்தால் அந்தச் சம்மதம் வரும்வரை காசு கைமாறக்கூடாது. பத்திருபது ஆண்டு ஆளில்லாமல் கிடந்த காணியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். பத்தாண்டு எதிரிடையாக இருந்தவர் ஆட்சியுரிமை கோரலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம் சில விலக்குகள் தந்தது, ஆனால் அதை நம்பி வாங்க வேண்டாம். வாங்கியபின் காவலுக்கு ஒருவரை வைத்தாலும் அனுமதியின்பேரில் இருக்கிறார் என்று எழுதி வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. அண்ணன் பெயரில் வாங்கி வைப்பது அண்ணனுக்குக் காணி வாங்கிக் கொடுப்பதுதான்.

இத்தனைக்குப் பிறகும் கம்பனித் துண்டுக்கு ஒரு நல்ல சொல் உண்டு: பிரதேச சபை அங்கீகரித்த பிளான், எல்லைக் கல், வீதி எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். உறுதிச் சிக்கலை நினைத்து இரவில் தூங்காதவருக்கு அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கலாம். மாடு வளர்க்கிறவருக்கு அது கட்டாது. ஓர் ஏக்கர் தென்னங்காணியை ஒரே சொந்தக்காரரிடம் வாங்குவது, அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கி அன்றே பிரிப்பு உறுதி எழுதுவது, இரண்டும் கால் ஏக்கரைவிடத் திறமான வழி.

குத்தகையையும் யோசியுங்கள். தென்னந்தோட்டக்காரர் பலர் புல்லை மட்டும் குத்தகைக்குக் கொடுக்கச் சம்மதிப்பார்கள்; புல் வெட்டி எரு போட்டால் அவர் மரத்துக்கும் இலாபம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் நிற்காது. எழுதும்போது குறைந்தது மூன்று ஆண்டு கேளுங்கள், ஏனென்றால் முதல் ஆண்டில் புல் தூர் கட்டுவதற்கே மாதங்கள் போகும். தேங்காய் பறிக்கும் நாட்களில் மாட்டை எங்கே கட்டுவது, கிணற்றுக்கு மோட்டர் யாருடையது, குத்தகை முடியும்போது நட்ட புல்லும் வேலித் தடியும் யாருக்கு என்ற மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.